மருந்துத் தவறுக்கு யார் பொறுப்பு? கடலூர், புதுச்சேரிக் குடும்பங்களுக்கு முன்னுள்ள வழிகள்: ஓர் ஒப்பீடு

பக்கத்துக் கட்டில்காரரின் சர்க்கரை மாத்திரையை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். வாரத்துக்கு ஒரு முறை தர வேண்டிய மெத்தோட்ரெக்ஸேட்டை அம்மாவுக்குத் தினமும் கொடுத்திருக்கிறார்கள். ரத்தம் உறையாமலிருக்க ஒரு மருந்து ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததைக் கவனிக்காமல் வலி மாத்திரையையும் சேர்த்துவிட்டார்கள். இப்படி ஏதோ ஒன்று நடந்த பிறகு குடும்பத்தினர் கேட்பது ஒரே கேள்விதான்: போலீசுக்குப் போவதா, நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதா, மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதுவதா, அல்லது நிர்வாகம் கொடுக்கும் தொகையை வாங்கிக்கொண்டு விட்டுவிடுவதா?

இக்கட்டுரை இரண்டு வகை இடங்களைப் பற்றியது. ஒன்று, நாம் நர்சிங் ஹோம் என்று சொல்லும், படுக்கை வசதியுள்ள தனியார் சிறு மருத்துவமனை. மற்றொன்று, மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு முதியவர்களைப் பராமரித்து, வேளாவேளைக்கு மருந்தும் கொடுக்கும் முதியோர் இல்லம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான குடும்பங்களுக்கு நுகர்வோர் ஆணையமே முதன்மை வழி. அதனுடன், அந்த நிறுவனத்துக்குப் பதிவு வழங்கிய அதிகாரிக்கும் ஒரு புகார் போக வேண்டும். குற்றவியல் வழக்கு சில சூழல்களுக்கு மட்டுமே பொருந்தும். எந்த வழியில் போனாலும், இரவுப் பணியில் இருந்த ஒரு நர்ஸின் பெயரை மட்டும் எழுதி நிறுத்திவிட்டால், அந்த இரவில் நாற்பது பேருக்கு ஒரே ஆளை நிறுத்திய நிர்வாகம் தப்பித்துவிடும்.

## முதலில், எது சட்டத்தின் கண்ணில் தவறு?

ஏற்கப்பட்ட இரண்டு மருந்துகளில் ஒன்றை மருத்துவர் தேர்ந்தெடுத்து அது பலன் தராமல் போனால், அது கவனக்குறைவு ஆகாது. தீர்ப்புகள் இதில் உறுதியாக இருக்கின்றன. ஆள் மாறிக் கொடுத்த மருந்து, அளவு மாறிய ஊசி, ஒவ்வாமை என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தும் கொடுத்த மருந்து, தகுதியில்லாதவர் கையால் போட்ட ஊசி ஆகியவை வேறு வகை. இவற்றில் மருத்துவரின் தீர்மானம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இன்சுலினை எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட் செறிவு கொண்டது. பேனாவுக்கான கார்ட்ரிட்ஜில் வருவது 100 யூனிட். 40க்கு உரிய சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100க்கு உரியதற்கு ஆரஞ்சு மூடி. கார்ட்ரிட்ஜிலிருந்து மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால், இழுத்தவருக்குத் தெரிவது 20 யூனிட். உடம்புக்குள் போவதோ அரை மில்லி, அதாவது 50 யூனிட். இரவு ஒன்பது மணிக்கு இது நடந்தால், விடியற்காலைக்குள் அந்த முதியவர் வியர்த்து, குழறி, நினைவிழந்து கிடப்பார். இதை நிரூபிக்கப் பெரிய நிபுணர் தேவையில்லை. பயன்படுத்திய சிரிஞ்சும் கார்ட்ரிட்ஜும் குளுக்கோமீட்டரின் நினைவகத்தில் உள்ள அளவும் கிடைத்தாலே போதும். ஆனால் மறுநாள் காலைக் குப்பை வண்டியில் அவை போய்விடும். எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்ற யோசனைக்கு முன்பே முடிக்க வேண்டிய வேலை இது.

ஆகவே முதல் நாளிலேயே மாத்திரை அட்டைகள், சிரிஞ்சுகள், மருந்துச் சீட்டு, கடை ரசீது ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். மருத்துவக் குறிப்புகளின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். 2002ஆம் ஆண்டின் மருத்துவத் தொழில் நடத்தை விதிகளின்படி, உள்நோயாளியின் பதிவேடுகளை 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். நோயாளியோ அவர் அதிகாரம் அளித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். சிசிடிவி பதிவு சில நாட்களில் தானாக அழிந்து அதன்மேல் புதியது பதிவாகிவிடும் என்பதால், இன்ன தேதியின் இன்ன நேரத்துப் பதிவை அழிக்காமல் வைத்திருக்கும்படி அதே கடிதத்தில் எழுதுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். மின்னணுச் சான்றாக அதைத் தாக்கல் செய்ய, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் பிரிவு 63இன்படி சான்றிதழ் ஒன்று இணைக்க வேண்டியிருக்கும். உயிரிழப்பு நேர்ந்திருந்தால், பிரேதப் பரிசோதனை வேண்டாம் என்று மனம் சொல்லும். அந்த வேதனை புரிகிறது. ஆனாலும் தகனம் முடிந்த பிறகு, மரணத்துக்குக் காரணம் அந்த மருந்துதான் என்று நிறுவுவது மிகக் கடினம்.

## எதை வைத்து ஒப்பிடுவது?

கிடைக்கப்போவது பணமா, தண்டனையா, உரிமம் மீதான நடவடிக்கையா என்பது முதல் அளவுகோல். முன்பணமாகச் செலவிட வேண்டியது எவ்வளவு, காலக்கெடு எப்போது முடிகிறது, நிரூபிக்கும் பாரம் எவ்வளவு கடுமையானது, பொறுப்பு நிறுவனத்தின் மேல் விழுகிறதா தனி ஊழியர் மேல் விழுகிறதா என்பவை அடுத்தவை. இவற்றுடன், நம் பகுதிக்கே உரிய ஒன்றும் உண்டு. கடலூர், புதுச்சேரி எல்லையில் உள்ள ரெட்டிச்சாவடியைத் தாண்டினால் அரசே மாறுகிறது. கடலூர்க்காரர் புதுச்சேரியில் சிகிச்சை பெறுவதும், புதுச்சேரிப் பெற்றோர் கடலூர்ப் பக்கத்து இல்லத்தில் தங்குவதும் அன்றாட நடப்பு. எல்லைக்கு அந்தப் பக்கம் பதிவுச் சட்டம் வேறு, மருத்துவக் கவுன்சில் வேறு, மேல்முறையீட்டு ஆணையம் வேறு.

## நுகர்வோர் ஆணையம்

பணம் கொடுத்துப் பெறும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பதை உச்ச நீதிமன்றம் 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் உறுதிசெய்தது. மருந்துத் தவறைப் பொறுத்தவரை இன்னும் நேரடியான தீர்ப்பு 1998இல் ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனை வழக்கில் வந்தது. டைபாய்டுக்காகச் சேர்க்கப்பட்ட குழந்தைக்கு, உரிய தகுதியில்லாத நர்ஸ் ஒருவர் வேறொரு ஊசி மருந்தை நரம்பில் செலுத்தியதால் இதயம் நின்று மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது. ஊழியரின் தவறுக்கு மருத்துவமனையே பொறுப்பு என்று சொன்ன நீதிமன்றம், குழந்தைக்கு 12.5 லட்சமும் பெற்றோரின் மன வேதனைக்கு 5 லட்சமும் வழங்கிய ஆணையை உறுதிசெய்தது. சேவையைப் பெற்ற குழந்தை, பணம் கொடுத்த பெற்றோர் இரு தரப்பும் நுகர்வோரே என்றும் அது கூறியது. சிங்கப்பூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ மாதாமாதம் இல்லத்துக்குப் பணம் அனுப்பும் பிள்ளைகள் இந்தக் கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தங்கியிருக்கும் தாயும் நுகர்வோர், பணம் கட்டும் மகளும் நுகர்வோர். நோயாளி இறந்துவிட்டால் சட்டப்படியான வாரிசுகள் வழக்குத் தொடரலாம்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தரும் மூன்று வசதிகளைப் பலர் அறிவதில்லை. முதலாவது, மனுதாரர் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். தவறு புதுச்சேரியில் நடந்திருந்தாலும் மஞ்சக்குப்பத்தில் குடியிருப்பவர் கடலூர் மாவட்ட ஆணையத்தை அணுகலாம். அப்போது மேல்முறையீடு சென்னையில் உள்ள மாநில ஆணையத்துக்குப் போகும். புதுச்சேரியில் போட்டால் மேல்முறையீடும் அங்கேயே. இரண்டாவது, எந்த ஆணையம், எவ்வளவு கட்டணம் என்பவற்றை முடிவுசெய்வது நீங்கள் கேட்கும் இழப்பீடு அல்ல. சேவைக்காகச் செலுத்திய தொகை. 50 லட்சம் வரை செலுத்தியிருந்தால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. 3 லட்சம் மருத்துவமனைக்குக் கட்டியவர் 40 லட்சம் இழப்பீடு கேட்டாலும் கட்டணம் இல்லை. மூன்றாவது, எதிர்த்தரப்பு 30 நாட்களுக்குள், மிஞ்சினால் மேலும் 15 நாட்களுக்குள் பதில் தாக்கல் செய்தாக வேண்டும். அதற்கு மேல் அவகாசம் தர ஆணையத்துக்கு அதிகாரமில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே தீர்ப்பளித்திருக்கிறது.

நிரூபணத்திலும் ஓரளவு இளக்கம் உண்டு. எல்லா வழக்கிலும் நிபுணர் கருத்து கட்டாயமில்லை, நடந்ததே தவறைப் பறைசாற்றினால் அதுவே போதும் என்று 2010இல் கிஷன் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆள் மாறிக் கொடுத்த மருந்துக்கு இது பொருந்தும். பல நோய்களுள்ள எண்பது வயதுக்காரருக்குச் சிறுநீரகம் செயலிழந்ததற்கு இந்த மருந்துதான் காரணமா என்ற கேள்விக்கு இது போதாது; அங்கே மருத்துவரின் கருத்து வேண்டும், அதற்கு முன்வரும் மருத்துவரை உள்ளூரில் தேடிக் கண்டுபிடிப்பதுதான் இந்த வழியின் மறைமுகச் செலவுகளில் பெரியது.

அடுத்த செலவு காலம். 3 மாதத்தில், பரிசோதனை தேவைப்பட்டால் 5 மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் ஆண்டுகள் ஓடுவது உண்டு. ஸ்டீராய்டு மருந்தை அளவு மீறிக் கொடுத்ததாகத் தொடரப்பட்ட அனுராதா சாஹா வழக்கில், அவர் இறந்தது 1998இல். சுமார் 6 கோடி ரூபாய் இழப்பீடு என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2013இல். ஆணை வந்த பிறகு மேல்முறையீடு செய்யும் மருத்துவமனை, ஆணையிட்ட தொகையில் பாதியைக் கட்டித்தான் செய்ய முடியும் என்பது ஓர் ஆறுதல். ஆணைக்குக் கட்டுப்படாவிட்டால் சிறைத்தண்டனை வரை விதிக்கவும் சட்டத்தில் இடமுண்டு.

காலக்கெடு 2 ஆண்டுகள். தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கலாம் என்றாலும் அதை நம்பி இருக்கக் கூடாது. எவரிடமும் கட்டணமே வாங்காமல் அறக்கட்டளை நடத்தும் இல்லமாக இருந்தால் இந்த வழி மூடப்பட்டதே. சிலரிடம் கட்டணம் வாங்கிச் சிலருக்கு இலவசமாகச் செய்யும் மருத்துவமனை என்றால், இலவசமாகச் சிகிச்சை பெற்றவரும் நுகர்வோரே.

## உரிமையியல் நீதிமன்றம்

இலவச இல்லத்தில் நடந்த தவறுக்கும், சாட்சிகளைக் கூண்டிலேற்றி விரிவாகக் குறுக்கு விசாரணை செய்தாலன்றி உண்மை வெளிவராது என்ற சிக்கலான வழக்குக்கும் இது ஏற்றது. மற்றவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் 2017இல் 7.5 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைக்கப்பட்டது என்றாலும், 40 லட்சம் கேட்பவர் 1.2 லட்சத்தை முதலிலேயே கட்ட வேண்டும். உயிரிழப்புக்காக 1855ஆம் ஆண்டின் உயிர்ப்போக்கு விபத்துச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடர 2 ஆண்டுகள்தான் கெடு. ஒரே தவறுக்கு இங்கும் நுகர்வோர் ஆணையத்திலும் இழப்பீடு கேட்க முடியாது. ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும்.

## காவல் நிலையம்

கோபத்தில் முதலில் கால் போகும் இடம் இதுதான். ஆனால் குற்றவியல் வழக்கில் கேட்கப்படும் கேள்வி வேறு. சாதாரணக் கவனக்குறைவு போதாது. மிகக் கடுமையான அலட்சியம் இருக்க வேண்டும் என்று 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. மருத்துவர்மீது நடவடிக்கை எடுக்குமுன் சார்பற்ற மருத்துவரின், இயன்றால் அரசு மருத்துவரின், கருத்தைப் போலீசார் பெற வேண்டும். புகார் வந்ததற்காக வழக்கமாகக் கைது செய்துவிடக் கூடாது. மேலே சொன்ன சாஹா வழக்கிலேயே, இழப்பீட்டுக்குப் போதுமானதாக இருந்த அலட்சியம் குற்றத் தண்டனைக்குப் போதவில்லை.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 106(1), அலட்சியத்தால் மரணம் விளைவித்தவருக்கு 5 ஆண்டுகள் வரை சிறை என்கிறது. மருத்துவ சிகிச்சையின்போது அதைச் செய்தவர் பதிவுபெற்ற மருத்துவராக இருந்தால் உச்சபட்சம் 2 ஆண்டுகள். இச்சலுகை மருத்துவப் பதிவேட்டில் பெயருள்ளவர்களுக்கு மட்டுமே. நர்ஸுக்கும், இல்லத்தில் மருந்து எடுத்துக் கொடுக்கும் ஆயாவுக்கும் கிடையாது. குறைந்த சம்பளத்தில் தொடர்ந்து இரட்டை ஷிப்ட் பார்த்த பெண் 5 ஆண்டுத் தண்டனையின் வாசலில் நிற்க, அவரை அப்படி வேலை வாங்கியவர் ஜாமீன் கூட எடுக்கத் தேவையில்லாமல் வெளியே இருப்பார். இதை எழுதும்போது எனக்கு மனம் கனக்கிறது. நீதி கேட்டுப் போகும் குடும்பங்கள், தம் புகார் யார் தலையில் போய் விழும் என்பதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். மரணம் நேராமல் காயமோ கொடுங்காயமோ விளைந்தால் பிரிவு 125. கொடுங்காயத்துக்கும் தண்டனை உச்சபட்சம் 3 ஆண்டுகள்தான்.

அப்படியானால் எப்போது போலீசுக்குப் போக வேண்டும்? சந்தேக மரணத்தில் விசாரணையும் பிரேதப் பரிசோதனையும் நடக்க வேண்டியிருந்தால் உடனே. பதிவேடுகள் திருத்தப்பட்டாலோ, போலித் தகுதியுள்ளவர் சிகிச்சை அளித்தாலோ, முதியவரைச் சத்தமில்லாமல் படுக்க வைப்பதற்காகத் தூக்க மருந்தை வேண்டுமென்றே ஏற்றியிருந்தாலோ, அது தவறு என்ற எல்லையைத் தாண்டியது, தயங்கத் தேவையில்லை. சம்பவம் எல்லைக்கு அப்பால் நடந்தது என்று கடலூரிலோ புதுச்சேரியிலோ எந்தக் காவல் நிலையமும் திருப்பி அனுப்பக் கூடாது; எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிவுசெய்ய வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 173. குற்ற வழக்கும் நுகர்வோர் வழக்கும் ஒரே சமயத்தில் நடக்கலாம்.

## மருத்துவக் கவுன்சிலும் பதிவு அதிகாரியும்

மாநில மருத்துவக் கவுன்சில் மருத்துவரை எச்சரிக்கலாம், பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கலாம். ஒரு ரூபாய் இழப்பீடுகூடத் தர அதற்கு அதிகாரமில்லை. 6 மாதத்தில் முடிவெடுக்க வேண்டும் என்பது விதி. முடிவு எதிராகப் போனால், 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் பிரிவு 30 மேல்முறையீட்டு உரிமையை மருத்துவருக்கு மட்டுமே எழுதி வைத்திருக்கிறது என்பதை அறிந்தே போங்கள். தவறு நர்ஸுடையது என்றால் கவுன்சிலில் மருத்துவர்மீது மட்டும் புகார் கொடுத்துப் பயன் குறைவு.

பதிவு அதிகாரிக்குப் புகார் கொடுப்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. கடலூர் மாவட்டத்து நர்சிங் ஹோம்கள் 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் வருகின்றன. மாவட்டத்தில் அணுக வேண்டியவர் நலப்பணிகள் இணை இயக்குநர். புதுச்சேரி யூனியன் பிரதேசம் என்பதால் அங்கே பொருந்துவது 2010ஆம் ஆண்டின் மத்திய மருத்துவ நிறுவனங்கள் சட்டம். எத்தனை படுக்கைக்கு எத்தனை தகுதியுள்ள நர்ஸ்கள், மருந்து யார் பொறுப்பில் இருக்கிறது என்பன போன்ற கேள்விகளை உள்ளே போய்க் கேட்கும் அதிகாரம் இவர்களுக்குத்தான் உண்டு. முதியோர் இல்லமானால் கடலூரில் மாவட்டச் சமூக நல அலுவலருக்கும் எழுதுங்கள். ஆய்வு நடந்தால் அதன் அறிக்கையைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அது நுகர்வோர் வழக்கில் உங்களுக்குக் கிடைக்கும் வலுவான ஆவணமாக அமையலாம்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் களைய வேண்டும். 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் கோட்டாட்சியரிடம் போனால் இல்லத்தைத் தண்டிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தத் தீர்ப்பாயம், பிள்ளைகளிடமும் உறவினர்களிடமும் பராமரிப்புத் தொகை பெற்றுத் தருவதற்கானது. மருந்துத் தவறு அதன் வேலையல்ல.

## சமரசமும் நிரந்தர மக்கள் நீதிமன்றமும்

சிறிய பாதிப்பு, நோயாளி தேறிவிட்டார், நிர்வாகமும் தவறை ஒப்புக்கொள்கிறது என்றால் பேசி முடிப்பதில் கேவலம் ஏதுமில்லை. ஆனால் பணத்தை நீட்டும் கையே, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற தாளையும் நீட்டும். பாதிப்பு முழுவதும் தெரியுமுன் அதில் கையெழுத்திடாதீர்கள். சேர்க்கும்போது, மருந்து தொடர்பாக இல்லம் பொறுப்பேற்காது என்ற படிவத்தில் கையெழுத்திட்டிருந்தால், அதனாலேயே உரிமை போய்விட்டதாகப் பயப்படவும் வேண்டாம். அலட்சியத்துக்கு அது கவசமாகாது.

1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்கீழ், மருத்துவமனைச் சேவை நிரந்தர மக்கள் நீதிமன்றத்தின் வரம்புக்குள் வருகிறது. 1 கோடி வரை கேட்கலாம். சமரசம் ஏற்படாவிட்டால் அதுவே தீர்ப்பும் வழங்கலாம். மனுக் கொடுத்த பிறகு அதே பிரச்சினைக்கு வேறு நீதிமன்றம் போக முடியாது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் கேட்டால் விவரம் கிடைக்கும். பெண்களுக்கும், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பு பாராமல் அங்கே இலவச வழக்கறிஞர் உதவி உண்டு.

| வழி | கிடைப்பது | முன்செலவு | கவனிக்க வேண்டியது |
|---|---|---|---|
| நுகர்வோர் ஆணையம் | இழப்பீடு, நிறுவனத்திடமிருந்து | செலுத்திய தொகை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை | 2 ஆண்டுக் கெடு. முழு இலவச இல்லத்துக்குப் பொருந்தாது |
| உரிமையியல் நீதிமன்றம் | இழப்பீடு | தமிழ்நாட்டில் கோரும் தொகையில் 3 சதவீதம் | நீண்ட விசாரணை |
| காவல் நிலையம் | தண்டனை | கட்டணம் இல்லை | மிகக் கடுமையான அலட்சியம் வேண்டும். கடைநிலை ஊழியர் மேல் விழும் |
| மருத்துவக் கவுன்சில் | மருத்துவர் மீது ஒழுங்கு நடவடிக்கை | சொற்பம் | இழப்பீடு இல்லை |
| பதிவு அதிகாரி | ஆய்வு, உரிமம் மீது நடவடிக்கை | சொற்பம் | ஆய்வறிக்கையைக் கேட்டுப் பெற வேண்டும் |
| நிரந்தர மக்கள் நீதிமன்றம் | சமரசம் அல்லது தீர்ப்பு, 1 கோடி வரை | கட்டணம் இல்லை | பின்வாங்க முடியாது |

## யாருக்கு எது?

கட்டணம் வாங்கும் இடத்தில் மருந்து மாறி, முதியவர் மேல்சிகிச்சைக்காக ஜிப்மருக்கோ வேறு மருத்துவமனைக்கோ கொண்டுபோகப்பட்டு உயிர் பிழைத்திருந்தால், வக்கீல் நோட்டீஸ், நுகர்வோர் ஆணையம், பதிவு அதிகாரிக்குப் புகார் என்ற வரிசை. இரண்டாவது மருத்துவமனையின் சேர்க்கைக் குறிப்பில், என்ன மருந்து கொடுக்கப்பட்டதாகச் சொல்லி அழைத்துவந்தார்கள் என்று எழுதியிருக்கும். அதன் நகல்தான் பல வழக்குகளின் முதுகெலும்பு. உயிரிழப்பு என்றால் முதல் நாளே காவல் நிலையத்தில் எழுத்துப் புகார், பிரேதப் பரிசோதனை. அதன் முடிவு கைக்கு வந்த பிறகு குற்ற வழக்கைத் தொடர்வதா, இழப்பீட்டோடு நிற்பதா என்று முடிவு செய்யலாம். இலவச இல்லம் என்றால் உரிமையியல் நீதிமன்றம், அல்லது சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாகச் சமரசம். அரசு மருத்துவமனையில் இலவசச் சிகிச்சையின்போது நடந்ததற்கு மாநில மனித உரிமை ஆணையத்தை ஓராண்டுக்குள் அணுகலாம்.

பதிவேட்டின் நகலைத் தர நிர்வாகம் மறுத்தால், கேட்ட கடிதத்தைப் பதிவு அஞ்சலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கேட்டும் தராத ஆவணம் மருத்துவமனைக்கு எதிராகத்தான் இருந்திருக்கும் என்று ஆணையம் ஊகிக்க அந்த அட்டை இடமளிக்கும். வழக்கில் எதிர்த்தரப்பாக நிறுவனத்தின் பதிவுப் பெயரையும் உரிமையாளரையும் முதலில் எழுதுங்கள். பணியில் இருந்த மருத்துவரையும் நர்ஸையும், அவர்கள் என்ன செய்தார்கள் என்பது ஆவணத்தில் தெரிந்தால் மட்டும் சேருங்கள்.